நனையாத சிறகு

மழை நாளில் பள்ளிக்கு வந்து சேரும் நம் கோலம் நமக்கே தெரியும். குடை பிடித்திருந்தும் சீருடையின் ஓரம் நனைந்திருக்கும். புத்தகப் பையின் அடிப்பாகம் ஈரமாகியிருக்கும். செருப்பு தெளித்த சேறு முதுகுவரை ஏறியிருக்கும். அதே மழையில் விளையாட்டு மைதானத்து வேலிக்கம்பியில் ஒரு தட்டான் அமர்ந்திருக்கிறது. அதற்குக் குடையும் இல்லை, கூரையும் இல்லை. மழை ஓய்ந்ததும் சிறகை ஒரு தடவை அசைத்துவிட்டு, ஒன்றுமே நடவாததுபோல் பறந்து போய்விடுகிறது. சென்ற ஐப்பசி மாதத்தில் அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஐவர் வராந்தாவில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஆற்றில் முழுகினால் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அதுபோலத் தட்டானும் சிறகில் ஏதோ எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும்" என்றாள் எங்களில் ஒருத்தி. மற்ற நால்வரும் சரியென்று தலையாட்டினோம். எங்கள் அறிவியல் ஆசிரியை மட்டும் ஒப்பவில்லை. "பாதி சரி. மீதிப் பாதியைத் தேடிக் கண்டுபிடித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். தேடத் தொடங்கிய பிறகுதான், அந்த மீதிப் பாதிக்காக உலகின் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் அறிஞர்கள் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியவந்தது.

முதலில் நாங்களே ஒரு சிறு சோதனை செய்தோம். விளக்கில் மோதி இறந்துகிடந்த தட்டானின் சிறகு ஒன்றை எடுத்து, அதன்மேல் சிறிது சுண்ணாம்புத்தூளைத் தூவி, சொட்டுமருந்து விடும் குழாயால் ஒரு துளி நீரை விட்டோம். துளி பரவவில்லை. கண்ணாடிக் குண்டுமணிபோல் உருண்டு நின்றது. சிறகைச் சற்றே சாய்த்தவுடன் கடகடவென்று ஓடி விழுந்தது. போகிற வழியில் தூளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. பிறகு ஒரு கண்ணாடித் துண்டில் தேங்காய் எண்ணெய் தடவி அதே சோதனையைச் செய்தோம். அங்கே துளி கவிழ்த்த கிண்ணம்போல நின்றதே தவிர உருளவில்லை. சாய்த்தபோது சோம்பேறியைப்போல மெல்ல வழுக்கி, பின்னால் ஈரக் கோடு ஒன்றை விட்டுச் சென்றது. எண்ணெய்க்கும் சிறகுக்கும் ஏதோ பெரிய வேறுபாடு இருக்கிறது என்பது அப்போதே விளங்கிவிட்டது.

அந்த வேறுபாட்டை அறியத் தண்ணீரின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவை. துளியின் நடுவில் இருக்கும் மூலக்கூறுக்கு எல்லாப் பக்கமும் கூட்டாளிகள் உண்டு. விளிம்பில் இருப்பதற்கு வெளிப்பக்கத்தில் கூட்டாளி இல்லை. ஆகவே உட்பக்கமாக இழுக்கப்படுகிறது. இதனால் துளி தன் மேற்பரப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது. மிகக் குறைந்த மேற்பரப்பு உடைய உருவம் உருண்டை. இதைத்தான் நாம் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று படிக்கிறோம். ஆனால் துளி ஒரு பொருளின்மேல் உட்காரும்போது அந்தப் பொருளும் தன் பக்கம் இழுக்கிறது. சுத்தமான கண்ணாடி நீரை வலுவாக இழுப்பதால் அதன்மேல் நீர் பரவிவிடுகிறது. மெழுகின் இழுப்பு மிகவும் குறைவு. அதன்மேல் நீர் குவிந்து நிற்கிறது.

எவ்வளவு குவிந்து நிற்கிறது என்பதை அளக்க ஒரு வழி உண்டு. துளியைப் பக்கவாட்டில் பார்த்து, அதன் விளிம்பு அடித்தளத்தைத் தொடும் இடத்தில், நீருக்குள் அமையும் கோணத்தை அளக்க வேண்டும். இதைத் தொடுகோணம் என்பார்கள். இந்தக் கோணத்திற்கும் இழுவிசைகளுக்கும் உள்ள உறவை 1805-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் யங் விளக்கிவிட்டார். மெழுகின்மேல் தொடுகோணம் ஏறக்குறைய 105 முதல் 110 பாகை. மனிதன் செய்த பொருள்களிலேயே நீரை மிகவும் வெறுக்கும் ஃபுளோரின் சேர்மங்களை வழவழப்பாகப் பூசினாலும் சுமார் 120 பாகைக்குமேல் போவதில்லை. அதாவது வெறும் பூச்சினால் அடையக்கூடிய எல்லை அவ்வளவுதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் வாழும் ஒருவகைச் சில்வண்டின் சிறகில் துளியை வைத்து அளந்தபோது ஏறக்குறைய 159 பாகை இருந்தது! 120-க்கும் 159-க்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் ஆசிரியை சொன்ன மீதிப் பாதி ஒளிந்திருந்தது.

அதை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது எலக்ட்ரான் நுண்ணோக்கி. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஜெர்மானியத் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட், 1970-களில் நூற்றுக்கணக்கான இலைகளை இக்கருவியில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வழவழப்பான இலைகளில் தூசி படிந்திருந்ததால் அவற்றைக் கழுவிய பிறகே பார்க்க முடிந்தது. ஆனால் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்த சில இலைகளைக் கழுவவே வேண்டியிருக்கவில்லை. வழவழப்பானது சுத்தமாகவும் சொரசொரப்பானது அழுக்காகவும் இருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே தலைகீழாக இருந்தது. இந்த ஆராய்ச்சியின் நிறைவாக 1997-இல் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸ் என்பவரும் தாமரை இலையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. மழையில் தானே கழுவிக்கொள்ளும் சுவர்ப்பூச்சு ஒன்றும் 1999-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. பட்டும் படாமலும் இருப்பவரைத் தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தோம். இலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

தாமரையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பே, 1996-இல், அதே ஆய்வுக்குழுவினர் பூச்சிகளின் சிறகுகளையும் ஆராய்ந்து எழுதியிருந்தார்கள் என்பதை அறிந்தவர் குறைவு. அவர்கள் 97 வகைப் பூச்சிகளின் சிறகுகளைப் பார்த்தார்கள். உடலின் எடையோடு ஒப்பிடும்போது சிறகின் பரப்பு எவ்வளவுக்கெவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கவ்வளவு அது நனையாததாக இருந்தது. இதன் காரணம் யோசித்துப் பார்த்தால் எளிதில் புரியும். ஈயைக் கவனித்திருப்பீர்கள், ஓய்வாக உட்கார்ந்தால் பின்னங்காலால் சிறகைத் துடைத்துக்கொண்டே இருக்கும். வண்டு தன் மெல்லிய சிறகை மடித்து ஓட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளும். தட்டானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இவ்விரண்டு வசதியும் கிடையாது. கால்கள் குட்டை, சிறகோ நீளம். நுனிவரை கால் எட்டாது. அவ்வளவு மெல்லிய சிறகில் நீர் ஒட்டினால் பாரம் தாங்காது; தூசி ஒரு பக்கம் மட்டும் படிந்தால் பறக்கும்போது சமநிலை கெடும். கைக்கு எட்டாத முதுகை யார் தேய்ப்பது என்ற தொல்லை நமக்கு இருப்பதுபோலவே அவற்றுக்கும் உண்டு. வழியை மட்டும் அவை வேறுவிதமாகக் கண்டிருக்கின்றன.

அந்த வழியைச் சில்வண்டின் சிறகில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். கோடையில் மலைச்சோலைகளுக்குப் போனவர்கள் சில்வண்டின் குரலைக் கேட்டிருப்பார்கள். காதை அடைக்கும் அந்த ரீங்காரத்தை மறப்பது கடினம். அறிஞர்கள் அதிகமாக ஆராய்ந்திருப்பது கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் ஓர் இனத்தை. அதன் சிறகு கண்ணாடித் தாள்போல வழவழப்பாகத் தெரியும். ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், தலை மழுங்கிய கூம்புகள் வரிசை தவறாமல் நட்டு வைத்ததுபோல் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உயரமும் சுமார் 200 நானோமீட்டர். ஒரு கூம்பிலிருந்து அடுத்த கூம்புக்குச் சுமார் 170 நானோமீட்டர். அடிப்பாகம் 100, நுனி 60 நானோமீட்டர் அளவு. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு செய்தால் கிடைக்கும் ஒரு கூறு. சொன்னால் மனத்தில் நிற்காது. ஆகவே நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70,000 நானோமீட்டர் என்று கொண்டால், அந்தத் தடிப்புக்குள் நானூறு கூம்புகள் வரிசையாக நிற்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டரில், அதாவது ஊசிமுனையால் வைத்த ஒரு பெரிய புள்ளியின் இடத்தில், மூன்று கோடிக்கு மேல் நிற்கும்.

துளி இக்கூம்புகளின் நுனிகளின்மேல் உட்காருகிறது. நடுவிலுள்ள பள்ளங்களில் இறங்குவதில்லை. இறங்க வேண்டுமானால் துளி தன் மேற்பரப்பை அதிகமாக்கிக்கொண்டு, தனக்குப் பிடிக்காத மெழுகுச் சுவர்களையும் தொட வேண்டும். அதைவிட மேலே இருப்பதே அதற்கு ஆதாயம். எனவே பள்ளங்களில் காற்று சிறைப்பட்டு நிற்கிறது. ஆணிப் படுக்கையில் படுத்திருக்கும் சாமியாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணிகள் நெருக்கமாக இருப்பதால் அவர் உடல் நுனிகளில் தாங்கப்பட்டிருக்கிறது, பலகையைத் தொடுவதில்லை. துளியும் அப்படித்தான் பெரும்பாலும் காற்றின்மேலும் கொஞ்சம் சிறகின்மேலும் படுத்திருக்கிறது.

இதற்கான கணக்கை 1944-இல் காஸி, பாக்ஸ்டர் என்ற இருவர் எழுதினார்கள். அவர்கள் பூச்சி ஆராய்ச்சியாளர் அல்லர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். நனையாத துணி செய்வதே அவர்கள் கவலை. வாத்தின் இறகு ஏன் நனைவதில்லை என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அவர்களுடைய சூத்திரத்தை எங்கள் கணித ஆசிரியையின் உதவியோடு போட்டுப் பார்த்தோம். வழவழப்பான மெழுகின்மேல் தொடுகோணம் 105 பாகை. துளியின் அடிப்பாகத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மெழுகைத் தொட்டு, மற்ற ஒன்பது பங்கு காற்றின்மேல் நின்றால், கோணம் 158 பாகையாக உயருகிறது. சில்வண்டின் சிறகில் அளந்ததற்கு ஒரே ஒரு பாகைதான் குறைவு! விடை வந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. எங்கள் தோழி சொன்ன எண்ணெய், அதாவது மெழுகு, பாதிக் காரணம். அதன் உருவ அமைப்பு மீதிப் பாதி.

எல்லாச் சில்வண்டுகளும் இப்படியென்று எண்ணிவிடக் கூடாது. சீன நாட்டில் 15 இனங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, சிலவற்றின் தொடுகோணம் 77 பாகை அளவே இருந்தது. சிலவற்றில் 146 பாகைவரை சென்றது. கூம்புகள் தாறுமாறாகவோ குட்டையாகவோ இருந்தால் பலன் குறைகிறது.

இந்தச் சிறகின் இன்னொரு திறமையை 2013-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து அறிஞர் சுவான்-ஹுவா சென் என்பவரும் ஆஸ்திரேலிய அறிஞர்களும் சேர்ந்து காட்டினார்கள். மழை பெய்தால் தூசி கழுவப்பட்டுவிடும், மழையே பெய்யாவிட்டால்? ஈரக்காற்றிலிருந்து பனிபோல மிக நுண்ணிய துளிகள் சிறகின்மேல் படிகின்றன. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு துளிகள் வளர்ந்து ஒன்றாகச் சேரும்போது, சேர்ந்த துளியின் மேற்பரப்பு முன்னிருந்த இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகிறது. இரண்டும் சம அளவானால் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்த மிச்சமான ஆற்றல் எங்கே போகும்? துளியைத் துள்ள வைக்கிறது. ஆம், துளி சிறகைவிட்டு எகிறிக் குதித்துவிடுகிறது. அருகிலிருந்த தூசியையும் சேர்த்துத் தூக்கிச் செல்கிறது. சிறகைச் சாய்க்கவும் வேண்டாம், காற்று வீசவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துள்ளலை வேகமாகப் படம்பிடிக்கும் கேமராவால் பதிவு செய்து, மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

கூம்புகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருப்பதால் சிறகு ஒளியையும் அதிகமாகத் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் பளபளத்துப் பறவைகளுக்குத் தன்னைக் காட்டிக்கொடுப்பது குறைகிறது. இது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி.

நாங்கள் மிகவும் வியந்தது இனிமேல்தான் வருகிறது. மெல்போர்ன் நகரின் ஸ்வின்பர்ன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எலீனா இவனோவா என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், நீரையும் தூசியையும் ஒட்டவிடாத இந்தச் சிறகு பாக்டீரியாக்களையும் ஒட்டவிடாது என்று எதிர்பார்க்க இடமிருந்தது. நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் நடந்தது வேறு. மருத்துவமனைகளில் தொல்லை கொடுக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் சிறகின்மேல் விட்டபோது அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட சில நிமிடங்களில் இறந்தும் போயிற்று! 2012-இல் இம்முடிவை வெளியிட்டார்கள். சிறகில் ஏதாவது நஞ்சு இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, அதன்மேல் 10 நானோமீட்டர் தடிப்பில் தங்கத்தைப் பூசி மெழுகை முழுவதும் மறைத்தார்கள். அப்போதும் பாக்டீரியா இறந்தது. ஆகவே கொல்லுவது பொருளன்று, உருவமே என்பது உறுதியாயிற்று.

எப்படிக் கொல்லுகிறது? ஊசியில் பலூன் குத்தப்படுவதுபோல என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். அக்குழுவினர் 2013-இல் தந்த விளக்கம் வேறு. பாக்டீரியாவின் தோல் பல கூம்புகளின் நுனிகளில் ஒட்டிக்கொள்கிறது. நுனிகளுக்கு நடுவில் உள்ள பகுதி கீழே தொய்கிறது. தொய்யத் தொய்ய இழுபட்டு, இறுதியில் கிழிந்துவிடுகிறது. வேலிக்குச்சிகளின்மேல் ஈரச் சேலையை விரித்தால் நடுவில் தொய்வதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல. தடித்த செல்சுவர் உடைய பாக்டீரியாக்கள் தொய்வதில்லை. ஆதலால் சில்வண்டின் சிறகில் அவை பிழைத்துக்கொள்கின்றன. இதை மெய்ப்பிக்க, அப்படிப் பிழைத்த இனங்களின் சுவரை நுண்ணலைகளால் தளரச் செய்துவிட்டுச் சிறகில் வைத்தார்கள், அவையும் இறந்தன. இந்த விளக்கத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடுகளும் உண்டு. எப்படியாயினும், தட்டானின் சிறகு இந்த வகையில் சில்வண்டை மிஞ்சிவிட்டது. ஆஸ்திரேலியத் தட்டான் ஒன்றின் சிறகும், அதைப் போன்ற நுண்முட்கள் கொண்ட கருஞ்சிலிக்கான் என்ற பொருளும், இருவகைப் பாக்டீரியாக்களையும் கொல்லுவதாக அதே குழு 2013-இல் தெரிவித்தது. எங்கள் வேலிக்கம்பித் தட்டானின் உறவினர் இத்தனை பெரிய ஆள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

இதைப் படித்தபோது எங்களில் ஒருத்தி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அவளுடைய பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, உலோகத்தால் ஆன மூட்டு வைத்தார்கள். சில வாரங்களில் அவ்விடத்தில் சீழ் பிடித்தது. மருந்துக்குக் கட்டுப்படவில்லை; மறுபடியும் திறந்து, வைத்ததை எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் படுக்கையில் இருந்து, வேறொன்று வைக்க வேண்டியதாயிற்று. உடலுக்குள் வைக்கும் உலோகத்தின்மேல் பாக்டீரியாக்கள் படிந்து, பிசுபிசுப்பான படலத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டுவிட்டால், இரத்தத்தில் வரும் மருந்து அவற்றை எளிதில் வெல்ல முடிவதில்லை. மருந்துக்கு அஞ்சாத பாக்டீரியாக்களும் பெருகிவருகின்றன. மருந்தில்லாமல், உருவத்தினாலேயே அவற்றைக் கொல்லும் பரப்பு ஒன்றை அந்த மூட்டில் செதுக்க முடிந்தால்? டைட்டேனியம் உலோகத்தில் இத்தகைய நுண்முட்களை உண்டாக்கி ஆய்வுக்கூடங்களில் சோதித்துவருகிறார்கள். இறந்த பாக்டீரியாக்களே குவிந்து முட்களை மூடிவிடுவது இதில் ஒரு சிக்கல். தோழியின் பாட்டி இப்போது கைத்தடியோடு நடக்கிறார்கள்.

பூச்சியின் சிறகைப் பார்த்து நாமும் செய்வது எப்படி? 2006-இல் சீன அறிஞர்கள் ஒரு கெட்டிக்கார வழியைக் கண்டார்கள்: சில்வண்டின் சிறகையே அச்சாக வைத்துவிட்டார்கள். இளகிய பிளாஸ்டிக்கில் சிறகை அழுத்தி எடுத்தால் கூம்பு இருந்த இடமெல்லாம் குழி விழுந்துவிடும். அந்த வடிவத்திலிருந்து மறுபடி பொறித்து நுண்முட்கள் கொண்ட தகடு செய்யலாம். முறுக்கு அச்சைப்போல எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். சிறகு சிறியது, நமக்கு வேண்டிய பரப்போ பெரியது.

நனையாத பொருள்கள் கடைகளில்தான் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். மழைச்சட்டை, ஒட்டாத தோசைக்கல், கறை படியாத விரிப்பு ஆகியவற்றில் பலவற்றிற்கு ஃபுளோரின் சேர்மங்களைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இச்சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. மனிதரின் இரத்தத்தில்கூடக் காணப்படுகின்றன. இவற்றுள் ஒன்றை 2009-இலும் மற்றொன்றை 2019-இலும் உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்து, கட்டுப்படுத்தவும் விலக்கவும் முடிவு செய்தன. சில்வண்டு வெறும் மெழுகையும் வடிவத்தையும் வைத்துக்கொண்டு அதைவிட நன்றாகச் செய்கிறது. ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது: பூச்சியைப் பின்பற்றிச் செய்ததாகச் சொல்லும் பல ஆய்வுக்கூடப் பரப்புகளிலும், முட்களைச் செய்த பிறகு மேலே அதே ஃபுளோரினைத்தான் ஒரு பூச்சுப் பூசியிருக்கிறார்கள். இதில் எங்களுக்கு மனக்குறைதான்.

பெரிய தொல்லை இன்னொன்று. உருவத்தால் கிடைத்த திறமை உருவம் கெட்டால் போய்விடும். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். ஒரு சிறு கண்ணாடித் துண்டை இடுக்கியால் பிடித்து எரியும் மெழுகுதிரியின் சுடரில் காட்டுங்கள். அடிப்பக்கம் முழுவதும் கரி படியும். ஆறியபின் கரிப்பக்கத்தின்மேல் ஒரு துளி நீரை விடுங்கள். தட்டானின் சிறகில் உருண்டதைப்போலவே உருளும். ஏனென்றால் கரியின் நுண்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் காற்றைப் பிடித்துவைத்திருக்கின்றன. கண்ணாடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் கறுப்பு மறைந்து வெள்ளித் தகடுபோல் மின்னும். அது கரிக்கும் நீருக்கும் நடுவிலுள்ள காற்றுப்படலம். சேம்பு இலையை நீரில் அமுக்கினாலும் இதே மினுமினுப்பைக் காணலாம். இப்போது கரியின்மேல் விரலை ஒரு தடவை வைத்து எடுங்கள். விரல் பட்ட இடத்தில் துளி ஒட்டிக்கொண்டு பரவும். வேலை முடிந்தது.

சிறகும் இப்படியே. விரலால் நன்றாகத் தேய்த்த தட்டான் சிறகில் நீர் ஒட்டத் தொடங்கியதை நாங்கள் பார்த்தோம். பூச்சிக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. சில்வண்டு மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, சிறகு முளைத்து வெளியே வந்தபின் சில வாரங்களே உயிரோடிருக்கும். அதுவரை சிறகு தாங்கினால் போதும். தாமரை இலை தன் மெழுகு தேய்ந்தால் மறுபடியும் சுரந்துகொள்ளும். நம் சுவரும் மழைச்சட்டையும் சூரியஒளித் தகடும் ஆண்டுக்கணக்கில் வெயிலையும் மணலையும் துடைப்பத்தையும் தாங்க வேண்டும். தேய்ந்ததை மறுபடி வளர்த்துக்கொள்ளும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் கடைவீதியில் இவை பெருகாததற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இதற்கு ஒரு நல்ல தீர்வைச் சீனாவின் செங்டு நகரிலும் பின்லாந்திலும் உள்ள அறிஞர்கள் சேர்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். கண்ணாடியில் முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவில், தலைகீழ்க் கூர்ங்கோபுரம் போன்ற குழிகளை வரிசையாக அமைத்தார்கள். குழிகளுக்குள்ளே நுண்ணிய நீர்வெறுக்கும் பொருளை வைத்தார்கள். மேலே எதைக் கொண்டு தேய்த்தாலும் அது குழிகளின் கெட்டியான விளிம்புகளில் உராயுமே தவிர உள்ளே உள்ளதைத் தொடாது. கத்தியால் கீறியும் தேய்த்தும் பார்த்தபிறகும் துளிகள் உருண்டு ஓடின. சூரியஒளித் தகட்டின்மேல் இத்தகைய கண்ணாடியை வைத்தால், தூசியை மழைநீரோ பனித்துளியோ எடுத்துச் சென்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம். கவசத்தைப் பூச்சியிடமிருந்து கற்கவில்லை. அது மனிதனின் சொந்த யோசனை.

நாங்கள் கரி பிடித்த கண்ணாடித் துண்டையும், விரலால் தேய்த்த சிறகையும், தேய்க்காத சிறகையும் ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். சொட்டுமருந்துக் குழாயும் பக்கத்தில் இருக்கிறது. பெற்றோரும் தோழியரும் வந்து துளி விட்டுப் பார்க்கலாம். தேய்க்காத சிறகைத் தொட மட்டும் வேண்டாம். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.